சுட்டவர் ஒருவர், கொலைக் குற்றச்சாட்டு மூவர்மீது: அமாட் ஆர்பெரி வழக்கு

வாசகர் கேள்வி – நவம்பர் 12, 2021

ஜார்ஜியாவில் நடந்துவரும் அமாட் ஆர்பெரி வழக்கைத் தொடர்ந்து கவனிக்கிறேன். சுட்டவர் மகன். தந்தை வண்டியின் பின்தட்டில் நின்றிருந்தார். மூன்றாமவர் வேறொரு வண்டியில் வந்து கைபேசியில் படம் எடுத்தார். ஆனால் மூவர்மீதும் கொலைக் குற்றச்சாட்டு. ஊர்வலக்காரர்களும் தொலைக்காட்சிகளும் கொடுத்த நெருக்கடியில் அரசு வழக்கறிஞர் அளவுக்கு மீறிப் போய்விட்டார் என்றே நினைக்கிறேன். அந்தக் காணொளி வெளிவராமல் இருந்திருந்தால் இந்தக் குற்றச்சாட்டுகள் வந்திருக்குமா?

நவம்பர் 12, 2021, இரவு

வந்திருக்காது. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவும் நான் எடுக்கும் முடிவும் நேர் எதிரானவை.

நாட்களை வரிசையாகப் பாருங்கள். 2020 பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரன்ஸ்விக் நகரை ஒட்டிய சட்டில்லா ஷோர்ஸ் என்ற குடியிருப்பில், 25 வயதான, கையில் ஆயுதம் எதுவும் இல்லாத அமாட் ஆர்பெரி என்ற கறுப்பின இளைஞர், திருடன் என்ற சந்தேகத்தில் வண்டிகளில் துரத்தப்பட்டு, சுடப்பட்டு இறந்தார். சுட்ட டிராவிஸ் மெக்மைக்கேல், அவருடைய தந்தை கிரெக், படம் எடுத்த வில்லியம் பிரையன் ஆகிய மூவரும் அன்று மாலையே வீடு திரும்பினார்கள். கிரெக் மெக்மைக்கேல், அந்த மாவட்ட அரசு வழக்கறிஞர் ஜாக்கி ஜான்சனின் அலுவலகத்தில் புலனாய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்பதால் ஜான்சன் விலகிக்கொண்டார். அடுத்து வழக்கைக் கையில் எடுத்த ஜார்ஜ் பார்ன்ஹில், கைது செய்யக் காரணம் ஏதும் இல்லை என்று மறுநாளே காவல்துறையிடம் சொன்னார். அவருடைய மகன் ஜான்சனின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார் என்பதை ஆர்பெரியின் தாயார் எடுத்துக்காட்டிய பிறகுதான், ஏப்ரலில், அவரும் விலகினார். அதையும் சும்மா செய்யவில்லை. மூவரும் செய்தது சட்டப்படி சரியே என்று நீண்ட கடிதம் ஒன்றை எழுதி வைத்துவிட்டுப் போனார். வழக்கு மூன்றாவது அரசு வழக்கறிஞரின் மேசைக்கு வந்து கிடந்தது. மே 5ஆம் தேதி காணொளி வெளியானது. மாநிலப் புலனாய்வுத் துறை வழக்கை ஏற்றுக்கொண்ட இரண்டே நாளில், மே 7ஆம் தேதி, தந்தையும் மகனும் கைதானார்கள். பிரையன் கைதானது மே 21இல்.

சுட்ட நாளுக்கும் முதல் கைதுக்கும் இடையில் 74 நாட்கள். காணொளி பிப்ரவரி 23 முதலே காவல்துறையின் கையில் இருந்தது. மே மாதத்தில் புதிய சாட்சியம் எதுவும் முளைத்துவிடவில்லை. பொதுமக்களின் நெருக்கடி குற்றச்சாட்டை உருவாக்கியது என்கிறீர்கள். கைக்குள் இருந்த சாட்சியத்தைப் படித்துப் பார்க்க வைத்தது என்பதற்கு மேல் அந்த நெருக்கடி எதையும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. குற்றம் சாட்டாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அதைக் கேள்வி கேட்கப் பெரும்பாலும் எவருக்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. பார்ன்ஹில் தம் முடிவைக் கடிதமாக எழுதியதால்தான் நாம் இன்று அதைப் பற்றிப் பேச முடிகிறது. அந்த வகையில் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நவம்பர் 13, 2021

"அளவுக்கு மீறி" என்று நீங்கள் சொன்னதற்கு நேற்று பதில் சொல்லவில்லை.

2020 ஜூன் 24ஆம் தேதி கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) ஏற்ற குற்றச்சாட்டுகள் மொத்தம் 9. அவற்றில் முதலாவது மட்டுமே, கொல்லும் வன்மத்தோடு செய்த கொலை. அடுத்த நான்கும் வேறு வகை: ஒருவர் வேறொரு பெருங்குற்றத்தைச் செய்துகொண்டிருக்கும்போது அதன் விளைவாக ஓர் உயிர் போனால், கொல்லும் எண்ணம் இருந்ததா என்று பார்க்காமலே அதைக் கொலையாகக் கொள்ளும் ஜார்ஜியா சட்டப் பிரிவின்கீழ் வருபவை. எஞ்சிய நான்கில் துப்பாக்கியால் தாக்கியது ஒன்று, வண்டிகளால் தாக்கியது ஒன்று, சட்டவிரோதமாகத் தடுத்து வைத்தது ஒன்று, தடுத்து வைக்க முயன்றது ஒன்று. இந்த நான்கும் அடித்தளம். நான்கு கொலைக் குற்றச்சாட்டுகளும் இவை ஒவ்வொன்றின்மீதும் ஒவ்வொன்றாக நிற்கின்றன.

ஆகவே பிரையன் சுட்டாரா என்று ஜூரி கேட்க வேண்டியதே இல்லை. அவர் தம் வண்டியைக் கொண்டு ஆர்பெரியை மறித்தாரா, அந்த மறிப்பு இல்லாவிட்டால் அந்த மரணம் நடந்திருக்குமா என்பவையே கேள்விகள். மறிக்கப் பலமுறை முயன்றதாக அவரே காவலர்களிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய வண்டியின் வெளிப்புறத்தில் ஆர்பெரியின் உள்ளங்கைப் பதிவும், வெள்ளைப் பருத்தி இழைகளும் கிடைத்தன. இந்தத் தடயத்தைப் படித்தபோது எனக்குக் காணொளியைவிடக் கலக்கமாக இருந்தது. நாம் பார்க்கும் படம் கடைசிக் கட்டம் மட்டுமே. துரத்தல் ஏறத்தாழ ஐந்து நிமிடம் நீடித்தது, ஓடிக்கொண்டிருந்த மனிதர் தம்மீது வந்து மோதவிருந்த வண்டியைக் கையால் தள்ளித் தப்பியிருக்கிறார் என்பதை அந்தக் கைப்பதிவு சொல்கிறது.

நவம்பர் 13, 2021, மாலை

"படம் எடுத்ததற்கெல்லாமா கொலைக் குற்றச்சாட்டு?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. வண்டி ஓட்டியதற்கு. படம் எடுத்திருக்காவிட்டால் ஒருவேளை மூவருமே இன்றும் வீட்டில்தான் இருந்திருப்பார்கள். அரசுத் தரப்பின் தலைசிறந்த சாட்சியைத் தயாரித்துக் கொடுத்தவர் குற்றம் சாட்டப்பட்டவர்களில் மூன்றாமவர் என்பது இந்த வழக்கின் விசித்திரம். அதைவிட விசித்திரம், அந்தக் காணொளியை வானொலி நிலையத்துக்குக் கொடுத்தவர், சந்தேகத்துக்குரியவர்களோடு முன்பே கலந்து பேசியிருந்த ஓர் உள்ளூர் வழக்கறிஞர். ஊரில் பரவும் வதந்திகளை அது அடக்கும் என்று அவர் நம்பினார்.

நவம்பர் 14, 2021

ஜூரியில் 11 பேர் வெள்ளையர், ஒருவர் கறுப்பினத்தவர். பிரன்ஸ்விக் அமைந்திருக்கும் கிளின் மாவட்ட மக்களில் கால்பங்குக்கும் மேல் கறுப்பினத்தவர் என்பதை வைத்துக்கொண்டு பாருங்கள். ஆயிரம் பேருக்கு அழைப்பாணை அனுப்பி, வடிகட்டி, இரு தரப்பும் காரணம் சொல்லாமல் நீக்கக்கூடிய கட்டத்துக்கு வந்தபோது கறுப்பினத்தவர் 12 பேர் எஞ்சியிருந்தார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அவர்களில் 11 பேரை நீக்கினார்கள். திட்டமிட்ட இனப்பாகுபாடு நடந்திருப்பதாகவே தெரிகிறது என்று நீதிபதி திமத்தி வால்ம்ஸ்லி திறந்த மன்றத்தில் சொன்னார். ஆனால் ஒவ்வொரு நீக்கத்துக்கும் இனம் சாராத ஒரு காரணத்தை வழக்கறிஞர்கள் முன்வைத்துவிட்டதால் தமது கை கட்டப்பட்டிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அட்லாண்டாவின் வடக்கே நான் வாழும் பகுதியில் ஒருமுறை ஜூரிப் பணிக்கு அழைக்கப்பட்டேன். இந்த வழக்கோடு தொடர்பில்லாத ஒரு திருட்டு வழக்கு. நீண்ட பெஞ்சுகளில் எங்களை வரிசையாக உட்கார வைத்து, எண் எழுதிய அட்டையை உயர்த்தச் சொல்லிக் கேள்வி கேட்டார்கள். "காவலர் சொல்வதை மற்றவர் சொல்வதைவிட அதிகமாக நம்புவீர்களா?" என்ற கேள்விக்கு அட்டையை உயர்த்தலாமா வேண்டாமா என்று நான் யோசித்த நேரத்தில் பக்கத்து இருக்கைப் பெரியவர் உயர்த்திவிட்டார். பிற்பகலில் என்னை அனுப்பிவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. வெளியே வந்தபோது ஒன்று புரிந்தது. யோசித்தவன் என்பதற்காக நீக்கினார்களா, பெயரை உச்சரிக்க முடியாதவன் என்பதற்காக நீக்கினார்களா என்பதை என்னால் ஒருபோதும் அறிந்துகொள்ள முடியாது. நீக்கிய வழக்கறிஞருக்கேகூட அது உறுதியாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். வால்ம்ஸ்லி சொன்னதைப் படித்தபோது அந்தப் பிற்பகல்தான் நினைவுக்கு வந்தது.

நவம்பர் 15, 2021

"கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் அவர் ஏன் நுழைந்தார்? யோக்கியன் அடுத்தவன் வீட்டுக்குள் போவானா?" என்று கேட்டிருக்கும் டாலஸ் நண்பருக்கு.

என் மாமனார் பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களிடம் வந்து தங்கும்போது, விடிந்ததும் வேட்டி, ஸ்வெட்டர், குரங்குக் குல்லா சகிதம் நடக்கக் கிளம்புவார். எங்கள் தெருக்கோடியில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வீட்டைப் பார்த்ததும் அவரால் தாண்டிப் போக முடியவில்லை. உள்ளே புகுந்து, மரச்சட்டங்களைத் தட்டிப் பார்த்து, கழிவுநீர்க் குழாயின் சரிவைக் குனிந்து பார்த்து, "இதையெல்லாம் வீடு என்று எப்படி விற்கிறான்?" என்று காலை உணவின்போது எங்களுக்கு விளக்கவுரை ஆற்றினார். அன்று மாலை குடியிருப்பின் குழுமத்தில் யாரோ கதவுக் கேமராவில் பதிவான அவருடைய படத்தைப் போட்டு, "இந்த நபரை யாருக்காவது தெரியுமா? விலகி நில்லுங்கள்" என்று எழுதியிருந்தார்கள். "என் மனைவியின் தந்தை" என்று நான் பதில் போட்டதும், சிரிப்புக் குறிகள் வரிசையாக வந்து விழுந்தன. மாமனாரிடம் நாங்கள் சொல்லவில்லை.

சட்டில்லா ஷோர்ஸ் வீட்டின் கேமராவில் ஆர்பெரி சில முறை பதிவாகியிருக்கிறார். வேறு சிலரும், சிறுவர்கள்கூட, பதிவாகியிருக்கிறார்கள். அவர் எதையும் எடுத்துச் செல்லும் காட்சி ஒன்றுமில்லை. எங்கள் குழுமத்தில் சிரிப்புக் குறிகள் விழுந்ததற்குக் காரணம் என் மாமனாரின் யோக்கியதை அல்ல. பதில் சொல்ல ஓர் ஆள் உடனே கிடைத்தான், அவ்வளவுதான். டாலஸ் நண்பர் இதற்குப் பிறகும் அதே கேள்வியைக் கேட்பதானால் கேட்கட்டும்.

நவம்பர் 19, 2021

2020இல் விஸ்கான்சினில் நடந்த போராட்டத்தின்போது இருவரைச் சுட்டுக் கொன்ற கைல் ரிட்டன்ஹவுஸ் இன்று அங்கே எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டார். உடனே இரண்டு வழக்குகளையும் ஒரே கட்டாகக் கட்டுகிறார்கள். தற்காப்பு என்ற வாதம் இரண்டிலும் உண்டு என்பதைத் தவிர ஒற்றுமை குறைவு. இங்கே முழு வழக்கும் ஒரு பழைய சட்டத்தின்மேல் நிற்கிறது. குற்றம் செய்தவர் என்று தாம் நம்பும் ஒருவரைச் சாதாரணக் குடிமகனே பிடித்து நிறுத்தலாம் என்று ஜார்ஜியா 1863இல், உள்நாட்டுப் போரின் நடுவே, அடிமை முறை நடப்பில் இருந்த காலத்தில் எழுதிவைத்த சட்டம் அது. இந்தக் கொலைக்குப் பிறகு, 2021 மே மாதம், ஆளுநர் கெம்ப் கையெழுத்திட்டு அதை நீக்கினார். ஆனால் சம்பவ நாளில் அது நடப்பில் இருந்ததால் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அதைத் துணைக்கு அழைக்க உரிமை உண்டு.

பிடித்து நிறுத்தியது சட்டபூர்வம் என்றால், ஆர்பெரி துப்பாக்கியைப் பிடித்ததும் டிராவிஸ் சுட்டது தற்காப்பாகிவிடும். பிடித்து நிறுத்தியதே குற்றம் என்றால், தாமே தொடங்கிய சண்டையில் தற்காப்பு பேச முடியாது. இன்று வால்ம்ஸ்லி ஜூரிக்குச் சொல்லப்போகும் சட்ட விளக்கத்தை முடிவு செய்தபோது, அந்தக் கைதுரிமை குற்றம் நடந்த உடனே பயன்படுத்தப்பட வேண்டியது, நாள் கழித்து எழும் சந்தேகத்துக்கு உரியதல்ல என்ற பொருளில் அமைத்திருக்கிறார். நேற்று குறுக்கு விசாரணையில் டிராவிஸ், ஆர்பெரி தம்மை வாயால் மிரட்டவோ ஆயுதம் காட்டவோ இல்லை என்று ஒப்புக்கொண்டதையும் சேர்த்துப் பார்த்தால், வழக்கு இன்றே பாதி முடிந்துவிட்டது என்பேன்.

போதகர்கள் விவகாரம்: கறுப்பினப் போதகர்கள் இனி மன்றத்துக்குள் வந்து ஆர்பெரி குடும்பத்தோடு உட்காரக் கூடாது என்று பிரையனின் வழக்கறிஞர் போன வாரம் பேசினார். நேற்று நூற்றுக்கணக்கான போதகர்கள் நீதிமன்றப் புல்வெளியில் திரண்டார்கள். ஒருவரே அழைப்பிதழ் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்திருந்தாலும் இவ்வளவு கூட்டம் சேர்ந்திருக்காது.

நவம்பர் 20, 2021

இனம் என்பதையே அரசுத் தரப்பு பேசவில்லையே, இது எப்படி இனவெறி வழக்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சுட்ட பிறகு டிராவிஸ் ஓர் இழிசொல்லைச் சொன்னதாகப் பிரையன் கூறினார் என்று 2020 ஜூன் மாத விசாரணையில் மாநிலப் புலனாய்வாளர் சாட்சியம் அளித்தார். டிராவிஸ் தரப்பு மறுத்தது. அரசு வழக்கறிஞர் லிண்டா டுனிகோஸ்கி அதை இந்த ஜூரி முன் கொண்டுவரவில்லை. பலருக்கு இதில் கோபம். எனக்கும் முதலில் கோபம்தான்.

ஆனால் ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டை நினைத்துப் பாருங்கள். 2012 பிப்ரவரி 26ஆம் தேதி 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் டிரேவான் மார்ட்டின் சுடப்பட்டபோதும் இதே வரிசைதான்: முதலில் கைது இல்லை, பிறகு நாடு தழுவிய போராட்டம், பிறகு சிறப்பு அரசு வழக்கறிஞர் ஏஞ்சலா கோரி, 45 நாட்களுக்குப் பின், சுட்ட ஜார்ஜ் சிம்மர்மன்மீது இரண்டாம் நிலைக் கொலைக் குற்றச்சாட்டு. அந்தக் குற்றத்தை நிரூபிக்க வெறுப்பு, வன்மம் போன்ற ஒரு மனநிலையைக் காட்டியாக வேண்டும். ஆகவே அரசுத் தரப்பு சிம்மர்மனின் மனத்துக்குள் புக வேண்டியதாயிற்று. அங்கே நேரில் பார்த்த தெளிவான சாட்சி இல்லை, கைகலப்பில் யார் மேலே யார் கீழே என்பதே குழப்பம். 2013 ஜூலை 13ஆம் தேதி விடுதலை. குறைந்த குற்றச்சாட்டை முதலிலேயே வைத்திருந்தால் வென்றிருக்கலாம் என்று இன்றும் சொல்கிறார்கள். கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற குறைந்த குற்றமும் ஜூரியின் முன் இருந்தது, அதையும் ஏற்கவில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். என் கருத்து, குற்றத்தின் பெயர் மட்டும் அங்கே வழக்கைக் கெடுக்கவில்லை. பெரிய பெயரைச் சுமந்ததால் சொல்ல வேண்டியிருந்த கதையும் பெரிதாகி, அதைத் தாங்கச் சாட்சியம் போதவில்லை.

பிரன்ஸ்விக்கில் டுனிகோஸ்கி மனத்துக்குள் போகவே இல்லை. இரண்டு வண்டிகள், ஒரு தெரு, ஐந்து நிமிடம். எலியைப் போலச் சிக்கவைத்தோம் என்று கிரெக் காவலரிடம் சொன்ன வாக்குமூலம். கைது செய்ய முனைந்ததாக அன்று ஒருவருமே சொல்லவில்லை என்ற உண்மை. பதினொரு வெள்ளையரைக் கொண்ட அந்த ஜூரியிடம் "உங்கள் ஊர்க்காரர் இனவெறியர்" என்று சொல்லி ஆரம்பிப்பதைவிட, "இவர்கள் என்ன செய்தார்கள் பாருங்கள்" என்று ஆரம்பிப்பது மேல் என்று அவர் கணக்கிட்டிருப்பார். கோபம் போகவில்லை என்றாலும், அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

நவம்பர் 24, 2021, மாலை

தீர்ப்பு வந்துவிட்டது. டிராவிஸ் ஒன்பதிலும் குற்றவாளி. கிரெக், வன்மக் கொலை தவிர எட்டிலும். பிரையன் வன்மக் கொலையிலிருந்தும், துப்பாக்கித் தாக்குதலிலிருந்தும், அதன்மேல் நின்ற கொலைக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுவிக்கப்பட்டு, மற்ற ஆறிலும் குற்றவாளி.

மூவரையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள் என்றவர்கள் இந்தப் பிரிப்பை நிதானமாகப் படிக்க வேண்டும். சுட்டவருக்கு மட்டுமே கொல்லும் வன்மம். துப்பாக்கியோடு சேர்ந்து வந்த தந்தைக்குத் துப்பாக்கித் தாக்குதலில் பங்கு. வண்டியோடு வந்தவருக்கு வண்டி செய்த வேலையில் மட்டும் பங்கு. ஒருவர் சுட்டதற்கு மூவரும் பொறுப்பா என்பது ஆரம்பத்தில் கேட்கப்பட்டதல்லவா? எதற்கு எவர் பொறுப்பு என்று தனித்தனியாகப் பிரித்துத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள். முந்தாநாள் முடிவுரையில் டுனிகோஸ்கி, தெருவில் ஓடிய கறுப்பின மனிதர் என்பதால்தான் அவரைத் தாக்க முடிவெடுத்தார்கள் என்று ஒரே ஒருமுறை சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் கடைசிவரை கையில் வைத்திருந்தார் போலும்.

நவம்பர் 27, 2021

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது.

பிரையனைத் தண்டித்த அதே வகைச் சட்டம் வேறு இடங்களில் யாரைத் தண்டிக்கிறது? 2015இல் அலபாமாவில் வீடுபுகுந்து திருடிய இளைஞர் கூட்டம் ஒன்றைக் காவலர்கள் எதிர்கொண்டபோது, காவலர் ஒருவர் சுட்டதில் 16 வயதுக் கறுப்பினச் சிறுவன் இறந்தான். அந்த மரணத்துக்காக, சுடாத, ஆயுதம் ஏந்தாத அவனுடைய 15 வயதுக் கூட்டாளிமீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, 2018இல் அவனுக்குப் பல பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இந்தச் சட்டம் பிறந்த இங்கிலாந்து 1957இலேயே இதைக் கைவிட்டுவிட்டது.

அலபாமாவில் அநியாயம் என்று சொல்லும் நான், பிரன்ஸ்விக்கில் நியாயம் என்று எப்படிச் சொல்வது? பிரையனின் செயல் வேறு, ஆர்பெரியை மரணத்தை நோக்கித் தள்ளியதில் அவருடைய வண்டிக்கு நேரடிப் பங்கு உண்டு, அந்தச் சிறுவனுக்கு அப்படி எதுவும் இல்லை என்று பிரிக்கலாம். அந்தப் பிரிவினை எனக்குச் சரியாகவே படுகிறது. இருந்தாலும் சட்டத்தின் வாசகம் அந்தப் பிரிவினையை எல்லா இடத்திலும் வற்புறுத்துவதில்லை. யார்மீது வீசுவது என்பதை ஓர் அரசு வழக்கறிஞரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. முதல் நாள் பார்ன்ஹில்லைப் பற்றி எழுதியதும் இதே விஷயம்தான். குற்றம் சாட்டாமல் விடும் அதிகாரமும், அளவு கடந்து சாட்டும் அதிகாரமும் ஒரே நாற்காலியில் இருக்கின்றன.

ஜனவரி 8, 2022

நேற்று தண்டனை. தந்தைக்கும் மகனுக்கும் பரோல் இல்லாத ஆயுள். பிரையனுக்கு 30 ஆண்டுக்குப் பின் பரோல் கேட்கும் வாய்ப்போடு ஆயுள். தண்டனையைச் சொல்வதற்கு முன் நீதிபதி ஒரு நிமிடம் பேசாமல் அமர்ந்திருந்தார். துரத்தல் நடந்த ஐந்து நிமிடத்தில் ஒரு பகுதி எவ்வளவு நீளம் என்று மன்றம் உணர வேண்டும் என்பதற்காக. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த நான் இணையம் அறுந்துவிட்டதென்று எழுந்து ரவுட்டரைப் பார்க்கப் போனேன்.

பிப்ரவரி 1, 2022

மத்திய அரசின் வெறுப்புக் குற்ற வழக்கில் மெக்மைக்கேல்கள் இருவரும் ஒப்பந்தம் செய்துகொள்ள முன்வந்தார்கள்: இனத்தின் காரணமாகவே துரத்தினோம் என்று ஒப்புக்கொள்வது, பதிலுக்கு முதல் 30 ஆண்டுகளை மத்தியச் சிறையில் கழிப்பது. ஜார்ஜியா மாநிலச் சிறைகளைவிட மத்தியச் சிறை மேல் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆர்பெரியின் தாயார் மன்றத்தில் எழுந்து எதிர்த்தார். நீதிபதி லிசா வுட் நேற்று ஒப்பந்தத்தை நிராகரித்துவிட்டார்.

வாயால் ஒப்புக்கொள்ள வைக்கும் வாய்ப்பைத் தாயாரே கெடுத்துவிட்டார் என்று சிலர் எழுதுகிறார்கள். மகனைக் கொன்றவர்கள் தங்களுக்கு வசதியான சிறையைத் தேர்ந்தெடுக்க, அதற்கு விலையாகத் தரும் ஒப்புதலை அவர் ஏன் ஏற்க வேண்டும்? பார்ன்ஹில்லை விலக வைத்ததும் அவர்தான் என்பது நினைவிருக்கட்டும்.

பிப்ரவரி 23, 2022

மூவரும் வெறுப்புக் குற்றத்திலும் குற்றவாளிகள். நேற்றுத் தீர்ப்பு. டுனிகோஸ்கி மேசையில் வைக்காததை எல்லாம் மத்திய வழக்கறிஞர்கள் வைத்தார்கள்: குறுஞ்செய்திகள், சமூக ஊடகப் பதிவுகள், அவற்றில் திரும்பத் திரும்ப வரும் அதே இழிசொற்கள். இங்கே நிரூபிக்க வேண்டியது கொலையை அல்ல. ஒரு பொதுத் தெருவைப் பயன்படுத்தும் உரிமையை, அவர் கறுப்பினத்தவர் என்பதற்காகப் பறித்தார்கள் என்பதை. முதல் வழக்கில் கைகளையும் வண்டிகளையும், இரண்டாம் வழக்கில் மனத்தையும் தனித்தனியாக விசாரித்தது நல்லதாயிற்று. சான்ஃபோர்டில் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்க முயன்றார்கள்.

கொலை நடந்த நாளில் ஜார்ஜியாவுக்கென்று வெறுப்புக் குற்றச் சட்டமே கிடையாது. பழைய சட்டத்தை மாநில உச்ச நீதிமன்றம் 2004இல் செல்லாதென்று சொன்ன பிறகு, புதியது 2020 ஜூன் மாதம்தான் வந்தது.

ஆகஸ்ட் 9, 2022

நேற்று மத்திய வழக்கின் தண்டனை: தந்தைக்கும் மகனுக்கும் இன்னொரு ஆயுள், பிரையனுக்கு 35 ஆண்டு. மாநிலச் சிறைக்கே போக வேண்டும்.

பிப்ரவரி 2025

இதைத் தொடர்ந்து படிப்பவர்கள் யாராவது இருந்தால், முதலில் விலகிக்கொண்ட அரசு வழக்கறிஞர் ஜாக்கி ஜான்சன்மீதான வழக்கும் முடிந்துவிட்டது. 2020 தேர்தலில் தோற்றவர். பதவிப் பிரமாணத்தை மீறினார், கைதைத் தடுத்துக் காவல்துறைக்கு இடையூறு செய்தார் என்று 2021 செப்டம்பரில் குற்றம் சாட்டப்பட்டவர். இடையூறு செய்ததற்குச் சாட்சியம் இல்லை என்று விசாரணையின் நடுவிலேயே நீதிபதி அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தார்; அடுத்து, எழுதப்பட்ட விதத்தில் இருந்த சட்டக் குறையைக் காட்டி, எஞ்சிய குற்றச்சாட்டையும் தள்ளுபடி செய்தார். ஜூரியின் முடிவுக்கே போகவில்லை.

அந்த நீதிபதி சட்டப்படி சரியாகவே சொல்லியிருக்கலாம். கைது செய்யாதே என்று ஓர் அரசு வழக்கறிஞர் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவையே இருப்பதில்லை. ஒரு தொலைபேசி அழைப்பை எடுப்பதும் எடுக்காததும், கோப்பை எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்பதும் போதும். அப்படி நடந்ததா என்பது இனி எந்த மன்றத்திலும் விசாரிக்கப்படப் போவதில்லை. பார்ன்ஹில்மீதோ வழக்கே இல்லை. 74 நாட்களுக்கு ஒருவர்கூடப் பொறுப்பாளியாகவில்லை.